கணனியின் வேகமும் சோதனைப் புள்ளியும்

கணனி வாங்குவோர் அதன் வேகத்தை எவ்வாறு அறிவர்? பெட்டியிற் பொறித்த கிகாஹேர்ட்ஸ் எண் போதாது. எண் ஒன்றாயினும் இரு பொறிகள் ஒரே வேலையை வெவ்வேறு நேரத்தில் முடிப்பதுண்டு. இதனாலேயே 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்பெக் என்னும் அமைப்புத் தோன்றிற்று. மறு ஆண்டில் அது 10 சோதனை நிரல்களைத் தொகுத்து, ஒவ்வொன்றும் ஓடி முடியும் நேரத்தை வாக்ஸ் 11/780 என்ற பழைய கணனியின் நேரத்தோடு ஒப்பிட்டுப் புள்ளி வழங்கியது.

அவற்றுள் மேற்றிக்ஸ்300 என்பது தாயங்களைப் பெருக்கும் நிரல். நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பிகள் அக்கணக்கின் ஒழுங்கைத் திருத்தியமைக்கவே, பொறி மாறாமலே அதன் புள்ளி பன்மடங்காயிற்று. சராசரியும் உடன் ஏறிற்று. வாங்கியவரின் அன்றாட வேலையோ அவ்வளவு விரைவுறவில்லை! சராசரியை விடுத்து, தம் வேலையை ஒத்த நிரலின் நேரத்தைத் தனியே நோக்கியவருக்கே உண்மை புலப்பட்டது. 1992ஆம் ஆண்டுத் தொகுதியில் அந்நிரல் இடம்பெறவில்லை.