அந்தமான் துறைமுகமும் லண்டனில் பூசிய வண்ணமும்

புது தில்லி: அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. 2018 டிசம்பரில் ராஸ் தீவு, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவானது. காலனி ஆட்சியின் சுவடுகளை அகற்றுவதே நோக்கம் என்று மத்திய அரசு கூறியது. சோழர்களின் கடற்படைத் தளமாகத் திகழ்ந்த தீவு என்ற பெருமையும் அப்போது நினைவுகூரப்பட்டது. (ஸ்ரீ விஜயம், 1025-இல் ராஜேந்திர சோழன் படையெடுத்துத் தாக்கிய பேரரசின் பெயர் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

பெயர்ப் பலகைகளை மாற்றிவிடலாம். ஆனால் அந்தத் தீவுகளை வெளியுலகம் எப்படிப் பார்க்கப் பழகியதோ, அந்தக் காட்சிகள் அப்படியே நீடிக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று, ஜோசப் மூர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி வரைந்த கார்ன்வாலிஸ் துறைமுகக் காட்சி. 89-வது படைப்பிரிவின் லெப்டினன்டான அவர் ரங்கூனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வரைந்த 18 காட்சிகள் 1825-இல் லண்டனில் தொகுதியாக வெளியாயின. அதில் ஒன்றுதான் வட அந்தமானின் இத்துறைமுகம். காடு அடர்ந்த கரைகளுக்கு நடுவே, ரங்கூனுக்குப் புறப்படப் பாய் விரிக்கும் கப்பல்கள். அமைதியான இயற்கைக் காட்சி போலத் தோன்றும் இது, ஒரு போரின் முதல் பக்கம்.

இத்தகைய படங்கள் உருவான முறையே சுவையானது. செப்புத் தகட்டின் மீது பிசின் பொடியைத் தூவிச் சூடேற்றுவார்கள். பிறகு அமிலத்தில் பலமுறை தோய்த்து, மெல்லிய நிழல் முதல் அடர்ந்த இருள் வரை படிப்படியாகத் தகட்டில் பதிப்பார்கள். அதிலிருந்து அச்சாகும் தாளில் கடல், வானம், மரம் ஆகியவற்றுக்கு நீர்வண்ணத்தைக் கையால் பூசுவார்கள். பூசியவர்கள் கூலித் தொழிலாளர்கள்; அந்தமானைக் கண்ணால் கண்டிராதவர்கள். முன்னால் வைக்கப்பட்ட மாதிரிப் படமே அவர்களுக்கு வழிகாட்டி. வங்கக் கடலின் நீலம் எது என்பதை லண்டன் பட்டறைதான் தீர்மானித்தது. தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் மாமல்லபுரத்தையும் மதுரையையும் ஐரோப்பியர் கண்முன் நிறுத்தியதும் இதே தொழில்நுட்பத்தால்தான்.

மூரின் படம் காட்டாத செய்தி ஒன்று உண்டு. 1824 மார்ச்சில் பர்மா மீது போர் அறிவித்த கிழக்கிந்தியக் கம்பெனி, கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கப்பல்களைக் கார்ன்வாலிஸ் துறைமுகத்தில் ஒன்றுசேர்த்தது. மே மாதத் தொடக்கத்தில் ஆர்ச்சிபால்ட் கேம்பெல் தலைமையில் அவை புறப்பட்டன. வங்கப் படை வீரர்கள் கடல் கடக்கத் தயங்கிய காலம் அது. ஆகவே சென்னை ராஜதானியின் சிப்பாய்களே அந்தக் கப்பல்களில் பெரும்பங்கினர். மே 11-ஆம் தேதி ரங்கூன் பிடிபட்டது. ஆனால் ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. உணவில்லை, மழைக்காலமும் தொடங்கிவிட்டது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பர்மியரின் வாளைவிட அதிகமானவர்களைக் கொன்றன. 1826 பிப்ரவரியில் யாண்டபோ உடன்படிக்கை கையெழுத்தாவதற்குள் கம்பெனித் தரப்பில் சுமார் 15 ஆயிரம் பேர் மாண்டதாக வரலாற்று நூல்கள் கணக்கிடுகின்றன. படத்தை வரைந்த லெப்டினன்டின் பெயர் தெரியும். கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டுச் சென்ற தமிழ், தெலுங்குச் சிப்பாய்கள் எத்தனை பேருடைய பெயர் தெரியும்?

அத்துறைமுகத்தின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஆர்ச்சிபால்ட் பிளேர் 1789-இல் தெற்கே சாத்தம் தீவில் அமைத்த குடியேற்றமே முதலில் கார்ன்வாலிஸ் துறைமுகம் எனப்பட்டது. 1792-இல் குடியேற்றம் வடக்கே மாற்றப்பட்டபோது பெயரும் உடன் சென்றது. நோயின் கொடுமையால் 1796-இல் அதுவும் கைவிடப்பட்டு, கைதிகள் பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். 1858 மார்ச் 10-ஆம் தேதி 200 கைதிகளுடன் ஜே.பி.வாக்கர் மீண்டும் தெற்கில் வந்திறங்கினார். அதன் பிறகு நடந்தவை செல்லுலார் சிறையின் சுவர்கள் வரை அனைவரும் அறிந்ததே.

அதிகம் பேசப்படாதது, அந்தக் கரையின் சொந்தக்காரர்களின் கதி. கிரேட் அந்தமானியர் அப்போது ஆயிரக்கணக்கில் இருந்தனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 44 பேர். வட அந்தமானில் வழங்கிய 'போ' மொழியைப் பேசிய கடைசி நபரான மூத்த போவா, 2010 ஜனவரியில் மறைந்தார்.

மூரின் தொகுதி இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. காப்புரிமைக் காலம் என்றோ முடிந்துவிட்டதால் காலனிக் காலக் காட்சிகளை யாரும் நகலெடுக்கலாம். சீனாவின் ஷென்சென் நகரை ஒட்டிய டாஃபென் கிராமத்தில் கையால் நகல் ஓவியம் தீட்டுவது ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்தது. உணவு விடுதிச் சுவருக்கும் வரவேற்பறைக்கும் இத்தகைய நகல்கள் பொருத்தமாக இருக்கலாம். ஆனால் கார்ன்வாலிஸ் துறைமுகத்தின் நகல் தீவுகளின் அருங்காட்சியகத்திலோ பள்ளியிலோ தொங்கும்போது, அதன் கீழே என்ன எழுதப்பட வேண்டும் என்பது அரசியல் கேள்வி. 2011 கணக்கின்படி தீவுகளில் சுமார் 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். அந்தக் குறிப்பு தமிழிலும் எழுதப்படுவது பொருத்தம். சென்னைச் சிப்பாய்களையும் அந்தமானியரையும் பற்றித் தலா ஒரு வரி சேர்க்க அமைச்சரவைத் தீர்மானம் எதுவும் தேவையில்லை.

படத்தில் உள்ள துறைமுகம் இன்றைய திக்லிப்பூர் பகுதியில் இருக்கிறது. அதே பகுதியில் ஷிப்பூரில் 2019 ஜனவரி முதல் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கோஹாசா விமானத் தளம் இயங்கி வருகிறது. அதற்கு வடக்கே மியான்மருக்குச் சொந்தமான கோகோ தீவுகள்.