குழந்தைகளின் இதய ஓட்டை: மூடும் முறைகளும் மூட வேண்டிய காலமும்

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது குழந்தைகள் இதயத்தில் ஏதேனும் ஓர் அமைப்புக் குறையுடன் பிறக்கின்றன. ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் நம் நாட்டில், இக்கணக்கின்படி இத்தகைய குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 2 லட்சமாகும். இக்குறைகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதயத் தடுப்புச் சுவரில் ஏற்படும் ஓட்டையே. இதனை மூடும் முறைகள் இன்று நம் நாட்டிலேயே உள்ளன. எனினும், அவற்றின் பயன் குழந்தை எப்போது மருத்துவமனையை அடைகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

ஓட்டையினால் விளையும் கேடு

இதயத்தின் வலப்பகுதி அசுத்த இரத்தத்தை நுரையீரலுக்கும், இடப்பகுதி சுத்த இரத்தத்தை உடலுக்கும் அனுப்புகின்றன. இரண்டையும் பிரிக்கும் சுவர் மேலறைகளுக்கு நடுவிலோ, கீழறைகளுக்கு நடுவிலோ முழுமையாக உருவாகாமல் போனால், அழுத்தம் மிகுந்த இடப்பக்கத்திலிருந்து இரத்தம் வலப்பக்கத்திற்குப் பாய்கிறது. ஏற்கெனவே சுத்தமான இரத்தம் மீண்டும் நுரையீரலுக்கே செல்வதால், இதயமும் நுரையீரலும் வீண் சுமையைத் தாங்க நேரிடுகிறது.

சிறிய ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. பெரிய ஓட்டைகளின் நிலை வேறு. மிகுதியான இரத்தப் பாய்ச்சலைத் தொடர்ந்து தாங்கும் நுரையீரல் நாளங்கள் நாளடைவில் தடித்து இறுகுகின்றன. ஒரு கட்டத்தில் அங்கு அழுத்தம் மிகுந்து, இரத்தம் எதிர்த் திசையில் பாயத் தொடங்குகிறது. உதடும் விரல் நுனிகளும் நீலம் பூக்கின்றன. அதன் பின்னர் ஓட்டையை மூடுவது நன்மையைவிடத் தீமையையே விளைவிக்கும். கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை உள்ள குழந்தைக்கு முதல் ஆண்டிற்குள்ளேயே சிகிச்சை தேவைப்படுவது இதனாலேயே. மேலறை ஓட்டை மெதுவாகவே கேடு செய்வதால், பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வயது வரை காத்திருக்க இயலும்.

அறுவை முறை

துடிக்கும் இதயத்தின் உட்புறத்தைத் திறந்து தைப்பது ஒரு காலத்தில் இயலாத செயலாகக் கருதப்பட்டது. 1952-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜான் லூயிஸ், நோயாளியின் உடலைக் குளிர்வித்து, இரத்த ஓட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி மேலறை ஓட்டையைத் தைத்தார். 1953-ல் ஜான் கிப்பன் தாம் உருவாக்கிய இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் இதே அறுவையைச் செய்தார். 1954-ல் வால்டன் லில்லிஹை, குழந்தையின் இரத்த ஓட்டத்தைத் தந்தையின் இரத்த ஓட்டத்துடன் இணைத்துக் கீழறை ஓட்டையை மூடினார். நம் நாட்டில் 1960-களின் தொடக்கத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டர் என். கோபிநாத் இத்துறைக்கு அடிகோலினார்.

இன்றைய அறுவையில் இதயத்தின் பணியை இயந்திரம் ஏற்றுக்கொள்ள, மருந்தினால் துடிப்பு நிறுத்தப்படுகிறது. சிறிய ஓட்டை நேரடியாகத் தைக்கப்படுகிறது. பெரிய ஓட்டைக்கு இதய உறையிலிருந்து எடுத்த திசுவோ, செயற்கை இழைத் துணியோ ஒட்டாக வைத்துத் தைக்கப்படுகிறது. நெஞ்செலும்பைப் பிளப்பதற்குப் பதிலாக, விலா எலும்புகளுக்கு இடையே சிறு கீறலின் வழியாக அறுவை செய்யும் முறையும் தகுந்த நோயாளிகளிடம் கையாளப்படுகிறது.

வடிகுழாய் முறை

1975-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் டெரி கிங், நோயல் மில்ஸ் ஆகியோர் நெஞ்சைத் திறக்காமலேயே மேலறை ஓட்டையை மூடிக் காட்டினர். தொடையிடுக்கில் உள்ள சிரையில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாய் இதயம் வரை செலுத்தப்படுகிறது. அக்குழாயினுள் மடித்து வைக்கப்பட்ட, இரு தட்டுகள் கொண்ட சாதனம், எக்கோ கருவியின் கண்காணிப்பில் ஓட்டையின் இருபுறமும் விரிக்கப்படுகிறது. நடுவில் உள்ள சுவரை இரு தட்டுகளும் பற்றிக்கொள்கின்றன. சாதனம் உறுதியாக அமர்ந்ததா என்று இழுத்துப் பார்த்த பின்னரே அது விடுவிக்கப்படுகிறது. சில மாதங்களில் உடலின் திசு அதன்மேல் படர்ந்து மூடிவிடுகிறது.

இம்முறையில் மார்பில் தழும்பு இல்லை. பொதுவாக இதய-நுரையீரல் இயந்திரமும் தேவைப்படுவதில்லை. குழந்தை சில நாட்களில் வீடு திரும்பலாம். ஒரே படுக்கையில் கூடுதலான குழந்தைகள் பயன்பெற முடிவதால், படுக்கைகள் குறைவாக உள்ள நாட்டிற்கு இது சிறிய நன்மை அன்று.

ஆயினும் எல்லா ஓட்டைகளுக்கும் இது பொருந்தாது. மேலறைச் சுவரின் நடுவில் அமைந்து, சாதனம் பற்றிக்கொள்ளப் போதிய விளிம்பு உள்ள ஓட்டைக்கே இது ஏற்றது. கீழறைச் சுவரின் மேற்பகுதியில், துடிப்பைக் கடத்தும் இழைகள் அருகிலேயே செல்வதால் மிகுந்த எச்சரிக்கை தேவை. சாதனம் இடம்பெயர்வதும், சுவரை அரிப்பதும் அரிதாக நிகழக்கூடும். எனவே வடிகுழாய் முறை வளர்ந்தாலும் அறுவை நிபுணரின் தேவை நீங்கவில்லை.

உள்நாட்டு முயற்சி

இச்சாதனம் நிக்கலும் டைட்டேனியமும் கலந்த உலோகக் கம்பியால் பின்னப்படுகிறது. எவ்வளவு மடித்தாலும் தன் பழைய வடிவத்தைத் தானே அடைவது இவ்வுலோகத்தின் இயல்பு. இறக்குமதிச் சாதனங்களின் விலை ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாத நிலையில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வுக்கூடத்துடன் இணைந்து இத்தகைய சாதனம் ஒன்றை உருவாக்கியது. 2020-ல் அதன் தொழில்நுட்பத்தை இந்திய நிறுவனம் ஒன்றுக்கு வழங்க ஒப்பந்தம் செய்யப்பட்டது. வானூர்தித் துறையின் உலோக ஆய்வு குழந்தையின் இதயத்திற்குப் பயன்படுவது, ஆராய்ச்சி முதலீடு எதிர்பாராத இடத்திலும் பலன் தரும் என்பதற்குச் சான்றாகும்.

காலத்தே கண்டறிதல்

2013-ல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டமான ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்தியா காரியக்கிரமம், பிறப்பு முதல் 18 வயது வரை கண்டறிய வேண்டிய நிலைகளுள் பிறவி இதயக் குறையையும் சேர்த்துள்ளது. 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ், தகுதியுள்ள குடும்பம் ஒன்றுக்கு ஆண்டிற்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு ஏற்கப்படுகிறது. கேரளத்தின் ‘ஹ்ருதயம்’ திட்டம் குழந்தைகளைப் பதிவு செய்து, நோயின் அவசரத்திற்கேற்ப மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. பிகார் அரசு 2021 முதல் தன் குழந்தைகளைச் சிகிச்சைக்காக அகமதாபாத்துக்கு அனுப்பி வருகிறது. இது பாராட்டத்தக்க முயற்சி. அதே நேரத்தில், குழந்தை இதய மருத்துவ மையங்கள் நாடெங்கும் சீராகப் பரவவில்லை என்பதையும் இது காட்டுகிறது.

பணமும் மையமும் இருந்தாலும், நோய் அறியப்படாவிட்டால் பயனில்லை. பிறந்த சில நாட்களில் நுரையீரல் நாளங்கள் இன்னும் முழுமையாகத் தளராமையால், பெரிய ஓட்டைகூட ஓசையின்றி இருக்கக்கூடும். நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள்ளேயே அறிகுறிகள் தோன்றுகின்றன. பால் குடிக்கையில் குழந்தை மூச்சு வாங்கி நிறுத்தும், நெற்றி வியர்க்கும், சளிக் காய்ச்சல் மீண்டும் மீண்டும் வரும், எடை ஏறாது. எடை ஏறாமையைச் சத்துக்குறைவு என்று கொண்டு சத்துணவு மட்டும் கொடுத்தால், விலைமதிப்பற்ற மாதங்கள் கழிந்துவிடும்.

இதே பருவத்தில், அதாவது 6, 10, 14-ஆவது வாரங்களில், தாய் தன் குழந்தையைத் தடுப்பூசிக்காகக் கிராமச் செவிலியரிடம் கொண்டு வருகிறாள். “பால் குடிக்கும்போது வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா?” என்று அப்போது கேட்பதற்கும், எடை அட்டையைப் பார்ப்பதற்கும் புதிய கட்டிடமோ, இயந்திரமோ வேண்டுவதில்லை. ஐயமுள்ள குழந்தையை எக்கோ வசதியுள்ள மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பும் வழியும், அங்குச் சென்று சேர்ந்ததா என்று பார்க்கும் பொறுப்பும் தெளிவாக வகுக்கப்பட வேண்டும்.

இதயத்தின் ஓட்டையை மூட அறிவியல் வழி கண்டுவிட்டது. கிராமத்து எடைத் தராசிற்கும் நகரத்து அறுவைக் கூடத்திற்கும் இடையே உள்ள இடைவெளியை மூடுவது நிர்வாகத்தின் கடமை. அது நிறைவேறினால், நோயுற்று வாழ வேண்டியிருந்த குழந்தை, மற்றக் குழந்தைகளைப் போலவே பள்ளிக்குச் சென்று, பின்னாளில் நாட்டின் உழைப்பாளர் வரிசையில் தன் இடத்தைப் பெறும்.