நியூட்டனுக்கு எத்தனை பிறந்த ஆண்டு?

கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று நம்மில் பலர் படித்திருப்போம். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. இரண்டு தேதியும் சரிதான். ஆனால் முதல் தேதி இத்தாலியில் அப்போதே வழக்கத்துக்கு வந்துவிட்ட கிரிகோரியன் நாட்காட்டிப்படி எழுதியது. இரண்டாவது, இங்கிலாந்து 1752 வரை விடாமல் வைத்திருந்த ஜூலியன் நாட்காட்டிப்படி எழுதியது. கிரிகோரியன் கணக்கில் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. ஜூலியன் கணக்கில் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எந்த நாட்காட்டியை எடுத்துக்கொண்டாலும் இரண்டும் ஒரே ஆண்டில் வராது. சரியான இரண்டு தகவல்களை விவரம் கேட்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் பிறந்த பொய் இது.

தகவல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் இந்த வேலையை ஒரு கணினி நிரலிடம் கொடுத்து, நூலகப் பட்டியல்கள், அருங்காட்சியகப் பதிவேடுகள், அரசுப் புள்ளிவிவரங்கள் எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் சேர்க்கச் சொன்னால் என்ன ஆகும்? அப்படி ஒரு கிடங்கு நிஜமாகவே இருக்கிறது. 2012 அக்டோபரில் தொடங்கிய விக்கித்தரவு. இன்று அதில் 10 கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதியை உள்ளே கொண்டுவந்தவை ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல்கள்.

அது தொடங்கும் முன் இருந்த நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கட்டுரை 100 மொழி விக்கிப்பீடியாக்களில் இருந்தால், ஒவ்வொன்றின் அடியிலும் மற்ற 99-க்கும் இணைப்பு தர வேண்டும். மொத்தம் 9,900 இணைப்புகள். அதையெல்லாம் எடுத்துவிட்டு, அந்தப் பொருளுக்கு ஒரே ஒரு எண் கொடுத்தார்கள். நியூட்டன் கியூ935. தமிழில் எப்படி எழுதினாலும் ஜப்பானியத்தில் எப்படி எழுதினாலும் அவர் கியூ935தான். அவர் பெயரால் வழங்கும் விசையின் அலகுக்கு வேறு எண்.

அந்த எண்ணைப் பற்றிய ஒவ்வொரு செய்தியும் மூன்றே உறுப்புள்ள ஒரு வாக்கியம். எதைப் பற்றி, எந்தப் பண்பு, என்ன மதிப்பு. ‘கியூ935 - பிறந்த நாள் - 1642 டிசம்பர் 25’. அட்டவணையாக வந்தாலும், வரைபடமாக வந்தாலும், கையால் எழுதிய அட்டையாக வந்தாலும், எல்லாத் தரவையும் இந்த மூன்று உறுப்புக்குள் கொண்டுவந்துவிடலாம். ஒரு வாக்கியத்தின் முடிவு இன்னொன்றின் தொடக்கம் ஆவதால் அவை தாமாகவே கோத்துக்கொள்கின்றன. பெண் மேயர்கள் உள்ள பெரிய நகரங்கள் எவை என்று கேட்டால், யாரும் தொகுத்து வைக்காத பட்டியலைக் கிடங்கே சில நொடிகளில் தொகுத்துத் தருகிறது.

உருமாற்றம் எளிது. அடையாளம் காண்பதுதான் கடினம். புதிதாக வரும் பட்டியலில் ‘நியூட்டன், ஐசக்’ என்றிருக்கிறது, கிடங்கில் ‘ஐசக் நியூட்டன்’ இருக்கிறது. ஓப்பன்ரிஃபைன் என்ற இலவசக் கருவி இதற்குச் செய்வது மிக எளிய காரியம்: காற்புள்ளியை நீக்கும், சொற்களை அகரவரிசையில் அடுக்கும், இரண்டும் ஒன்றாகிவிடும். ‘ஐசாக்’ என்று வந்தால் அது போதாது. அப்போது ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை குறிகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று எண்ணிப் பார்க்கும். இங்கே ஒரே ஒரு துணைக்கால். ஆகவே ஒரே ஆளாக இருக்கலாம் என்று பரிந்துரைக்கும்.

ஆனால் சுந்தர ராமசாமி என்ற பெயரையும் பசுவய்யா என்ற பெயரையும் எத்தனை எழுத்தை மாற்றி ஒன்றாக்குவது? நாவலில் ஒரு பெயரும் கவிதையில் ஒரு பெயரும் வைத்துக்கொண்டவர் ஒருவரே என்பது எழுத்துகளில் இல்லை, தமிழ் வாசகர்களின் அறிவில் இருக்கிறது. யாராவது ஒருவர் அதைப் ‘புனைபெயர்’ என்ற பண்பின் கீழ் எழுதி வைக்கும் வரை, எவ்வளவு கெட்டிக்கார நிரலும் இருவர் என்றே எண்ணும்.

விக்கித்தரவில் எனக்கு மிகவும் பிடித்தது, அது உண்மைகளின் கிடங்கு என்று தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை என்பது. அது கூற்றுகளின் கிடங்கு. இன்ன நூல் இப்படிச் சொல்கிறது என்று ஒவ்வொரு வாக்கியத்தோடும் மூலத்தைச் சேர்த்து வைக்க இடம் உண்டு. தேதியோடு, அது எந்த நாட்காட்டி என்பதும் பதிவாகிறது. இரண்டு மூலங்கள் முரண்பட்டால் இரண்டும் இருக்கலாம், ஒன்றுக்கு முன்னுரிமை தரலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நியூட்டனை 1642-1727 என்று பட்டியலிடுகிறது, வேறு நூல்கள் 1643 என்கின்றன. எதையும் அழிக்க வேண்டியதில்லை.

மூலம் இல்லாமல் வரும் தரவுக்கு என்ன கதி என்பதை ஃப்ரீபேஸ் காட்டியது. கூகுள் 2010-ல் வாங்கிய அந்தப் பெரிய அறிவுத்தளத்தை மூடப்போவதாக 2014-ல் அறிவித்தபோது, அதன் தரவை விக்கித்தரவுக்குக் கொடுக்க முன்வந்தது. ஒவ்வொரு கூற்றையும் மனிதர்கள் பார்த்து ஏற்க ஒரு கருவியும் செய்தார்கள். கடைசியில் உள்ளே வந்தது ஒரு சிறு பகுதிதான்.

வேகத்தின் விலையை செபுவானோ விக்கிப்பீடியாவில் பார்க்கலாம். பிலிப்பைன்ஸ் மொழியான செபுவானோவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கக் காரணம், ஸ்வீடனின் ஸ்வேர்கர் யொஹான்சன் எழுதிய ஒரு பாட். ஜியோநேம்ஸ் என்ற ஊர்ப்பெயர்த் தரவுத்தளத்தை எடுத்து மலை, ஆறு, தீவு ஒவ்வொன்றுக்கும் அது ஒரு கட்டுரை எழுதியது. அந்தத் தரவில் பல இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை முழு நிமிடத்தோடு நின்றுவிடும். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது தரையில் சுமார் 1.85 கிலோமீட்டர். ஆகவே மலை பள்ளத்தாக்குக்கு நகர்ந்தது, சிறு தீவு கடலுக்குள் விழுந்தது. அந்தக் கட்டுரைகளுக்கு விக்கித்தரவில் எண் கொடுத்தபோது, ஏற்கெனவே கிடங்கில் இருந்த அதே மலை சற்றுத் தள்ளி இன்னொரு எண்ணோடு மறுபடி வந்து உட்கார்ந்தது. அந்த இரட்டைப் பதிவுகளை நீக்கும் வேலை நெடுங்காலம் நடந்தது.

இரட்டையாக இருப்பதைவிட, தவறாக ஒன்றாக்குவதே பெரிய கேடு என்று நான் நினைக்கிறேன். இரட்டையை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். இருவரின் செய்திகள் ஒரே எண்ணின் கீழ் கலந்து, அதை வேறு தளங்களும் எடுத்துக்கொண்ட பிறகு பிரித்தெடுப்பது மிகுந்த பாடு. அதற்காகவே விக்கித்தரவில் ‘இதிலிருந்து வேறானது’ என்று சொல்ல ஒரு தனிப் பண்பு வைத்திருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தின் தலைநகரான ராமநாதபுரம் வேறு, கோயம்புத்தூருக்குள் இருக்கும் ராமநாதபுரம் வேறு என்று ஊர் தெரிந்த ஒருவர் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும். அடுத்து வருகிறவர்களும் அவர்களின் பாட்களும் இரண்டையும் இணைக்கும் முன் அந்தக் குறிப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.