சமவெளியில் மலை எங்கே இருக்கு? புதுச்சேரியைச் சுற்றிச் சைக்கிள் பாதைகள்

"உங்க ஊர்ல சைக்கிள் ஓட்ட என்னப்பா கஷ்டம், எல்லாம் தட்டைதானே?" புதுச்சேரிக்காரர்கள் வெளியூர் நண்பர்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. தட்டை என்பது உண்மைதான். கஷ்டம் இல்லை என்பதுதான் சரியில்லை. ஊட்டி, ஏற்காடு ரோட்டில் ஏற்றம் கண்ணுக்குத் தெரியும், மனசு தயாராகிடும். கடலோரச் சமவெளியில் ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது. அது காற்றில் இருக்கு. அதைக் கணக்கில் எடுக்காமல் பாதை போட்டால், நாற்பது கிலோமீட்டர் சுற்றின் கடைசிப் பத்து கிலோமீட்டர் வெயிலில் உயிரை எடுக்கும்.

முதலில் நிலம்

கோரிமேடு இருப்பது செம்மண் மேட்டில். இந்தச் செம்மேடுகளைப் பிரெஞ்சுக்காரர்கள் 'சிவப்பு மலைகள்' என்றே சொன்னார்கள். மலை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 30 மீட்டர் உயரம், அவ்ளோதான். இது 'கடலூர் மணற்கல்' என்று புவியியலில் சொல்லப்படும் படிவத்தின் ஒரு பகுதி. இதே படிவத்தில்தான், வடமேற்கே திருவக்கரையில், சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய கல்மரங்கள் கிடக்கின்றன.

இந்த மேட்டை விட்டு மேற்கேயோ தெற்கேயோ இறங்கினால் சங்கராபரணியும் தென்பெண்ணையும் கொண்டுவந்து கொட்டிய வண்டல். அங்கே ரோட்டில் 'ஏற்றம்' என்று சொல்ல மூணே விஷயம்தான்: ஏரிக்கரை, ஆற்றுப்பாலம், ரயில் மேம்பாலம்.

ஊரின் தட்டைத்தன்மைக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. பிரெஞ்சுக் காலத்தில் இங்கே ஓடிய புஷ் வண்டி. உட்கார்ந்திருப்பவர் கைப்பிடியைப் பிடித்துத் திருப்புவார், பின்னாலிருந்து ஆள் தள்ளிக்கொண்டு போவார். மேடு பள்ளம் உள்ள ஊரில் இப்படி ஒரு வண்டி நிலைத்திருக்காது.

காற்றைக் கணக்குப் போட்டால்

சைக்கிளைத் தடுப்பது முக்கியமாக மூணு: டயரின் உருளல் தடை, காற்றின் தடை, ஏற்றம். சமவெளியில் மூணாவது இல்லை. காற்றின் தடை, சைக்கிளுக்கும் காற்றுக்கும் இடையே உள்ள வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்கு.

ஒரு எளிய ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிள். சக்கரத்துக்குப் போய்ச் சேரும் சக்தி 100 வாட், அதாவது மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே மிதிக்கிற அளவு. கிடைத்த வேகம்:

காற்று இல்லாதபோது: மணிக்கு சுமார் 21 கி.மீ.
15 கி.மீ. வேக எதிர்காற்றில்: சுமார் 14 கி.மீ.
அதே காற்று முதுகில் அடித்தால்: சுமார் 30 கி.மீ.

இப்போது 20 கி.மீ. போய் அதே வழியில் 20 கி.மீ. திரும்புவதாக வைத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில் 1 மணி 54 நிமிஷம். காற்று உள்ள நாளில் ஒரு பக்கம் 1 மணி 26 நிமிஷம், மறுபக்கம் 40 நிமிஷம், மொத்தம் 2 மணி 6 நிமிஷம். "போகும்போது விட்டதை வரும்போது பிடிச்சிடலாம்" என்று தோன்றும், ஆனால் 12 நிமிஷம் திரும்பி வரவே வராது. கெட்ட காற்றில் நாம் அதிக நேரம் இருக்கிறோம், நல்ல காற்றில் கொஞ்ச நேரம்தான் இருக்கிறோம். காரணம் அதுதான்.

அந்த எதிர்காற்றிலும் 21 கி.மீ. வேகத்தை விடமாட்டேன் என்று மிதித்தால் 100 வாட்டுக்குப் பதில் 210 வாட் தேவைப்படும். இது சுமார் 2.2 சதவீதச் சரிவில் ஏறுவதற்குச் சமம், அதாவது கிலோமீட்டருக்கு 22 மீட்டர். கோரிமேட்டின் மொத்த உயரமே 30 மீட்டர்தான். ஆக, எதிர்காற்றில் வீம்பாக ஓட்டும் ஒவ்வொரு மூணு கிலோமீட்டருக்கும் கோரிமேட்டை இரண்டு தடவைக்கு மேல் ஏறின மாதிரி.

இது நெதர்லாந்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே 2013 முதல் எதிர்காற்றுச் சைக்கிள் போட்டி என்றே ஒன்று நடக்கிறது. கடலை அடைத்துக் கட்டிய தடுப்பணை மேல் 8.5 கி.மீ., கியர் இல்லாத சைக்கிள், புயல் மாதிரி காற்று அடிக்கிற நாளாகப் பார்த்து வைப்பார்கள். மலை இல்லாத நாட்டில் மலையேற்றப் போட்டி!

எந்த மாசம், எந்தக் காற்று

வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இந்த நாலு பெயரும் படிப்பில் வருவது. கடற்கரை ஊர்களில் கச்சான், சோழகம் என்றும் சொல்வார்கள், ஊருக்கு ஊர் அது குறிக்கும் திசை கொஞ்சம் மாறும். சைக்கிளுக்கு வேண்டிய அளவில் வருஷத்தை இப்படிப் பிரிக்கலாம்.

மார்ச் முதல் மே வரை: காற்று பெரும்பாலும் தெற்கும் தென்கிழக்கும். காலையில் மெதுவாக இருக்கும். நிலம் சூடானதும், முற்பகலுக்கு மேல் கடல்காற்று உள்ளே வரும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: காலையில் மேற்கு, தென்மேற்குக் காற்று. மேல்காற்று பலமாக உள்ள நாளில் கடல்காற்று தாமதமாகத்தான் வரும். அதுவரை சூடு தாங்காது.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை: வடக்கும் வடகிழக்கும். மழை நாட்களை விட்டுவிட்டால் சைக்கிளுக்கு இதுதான் சீசன்.

விதி ஒன்றே ஒன்றுதான்: உடம்பில் தெம்பு இருக்கும்போது காற்றை எதிர்த்துப் போ, களைத்த பிறகு காற்றோடு வா. இதோடு வெயிலையும் சேர்த்தால், கோடையில் மேற்கே போனவர் கடல்காற்று கிளம்புவதற்கு முன்னால், ஒன்பது மணி வாக்கில் வீடு வந்து சேரணும். பதினோரு மணிக்குக் கிழக்கு நோக்கித் திரும்பினால் வெயிலும் எதிர், காற்றும் எதிர்.

மூணு சுற்று

ஒன்று, ஊசுட்டேரி. கோரிமேட்டிலிருந்து மேற்கே இறங்கி, ஏரியை ஒட்டிய சாலையில் பத்துக்கண்ணு வரை போய், வில்லியனூர் வழியாகத் திரும்புவது. ஏரியின் பரப்பு சுமார் 8 சதுர கிலோமீட்டர், பாதி புதுச்சேரியில், பாதி தமிழ்நாட்டில். புதுச்சேரி அரசு 2008-இல் தன் பக்கத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கும் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் இது போதும். ஜூன், ஜூலையில் போகும்போது மேல்காற்று எதிரில், வரும்போது முதுகில்.

இரண்டு, பாகூர். வில்லியனூர், மங்கலம், கரிக்கலாம்பாக்கம், பாகூர், திரும்பும்போது கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். ஐம்பது கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். பாகூர் மூலநாதர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. பல்லவன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இங்கே இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு ஊர்கள் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. நேரம் இருந்தால் கீழூருக்கும் ஒரு சுற்றுப் போகலாம். 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த இடம். இந்தச் சுற்று மார்ச் முதல் செப்டம்பர் வரைக்கானது. போகும்போது தெற்குக் காற்றை வாங்கிக்கொண்டு போனால், வரும்போது அதுவே தள்ளிவிடும். மார்கழியில் போனால் திரும்பும் வழியெல்லாம் வாடை முகத்தில் அடிக்கும்.

மூணு, கழுவேலி. இது வாடைக் காலத்துக்கு. வடக்கே மரக்காணம் பக்கம் போய்த் திரும்புவது, நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். கழுவேலி 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உப்பளங்களும், பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் இங்கேதான். நிலம் தட்டையாக இருந்ததால்தான் ஆந்திராவிலிருந்து இவ்வளவு தூரம் ஒரு கால்வாயை வெட்ட முடிந்தது. குளிர்காலப் பறவைகள் இருக்கும்போது முகத்தில் வாடை, வீடு திரும்பும்போது முதுகில் வாடை.

பாகூர் சுற்றில் ஒரு வேடிக்கை. புதுச்சேரி மாவட்டம் ஒரே நிலம் கிடையாது, தமிழ்நாட்டுக்குள் சிதறிய பத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். ஒரு காலையில் பல தடவை எல்லை தாண்டுவோம். போர்டு பார்க்க வேண்டாம், சாராயக்கடையும் பெட்ரோல் பங்க் கூட்டமும் சொல்லிடும்.

ஏரிக்கரையை ஏன் தேடிப் போகணும்

இங்கே நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. அதனால் தண்ணீரைத் தேக்கப் பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில் வில் மாதிரி கரை போட்டார்கள். கரைக்கு மேற்கே நீர், கிழக்கே வயல். கரைமேல் போகும் பாதை சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பாதை, பனையும் புளியமரமும் நிழல் தரும். மேல்காற்று தண்ணீரைத் தாண்டி வருவதால் கொஞ்சம் குளிர்ந்து வரும். கரும்புத் தோட்டமும் சவுக்குத் தோப்பும் காற்றைத் தடுக்கும். திறந்த வயலைவிட அவற்றின் ஓரத்தில் போவது மேல்.

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் கணக்கில் உள்ளன. கரை, மதகு, வாய்க்கால் என்று ஒன்றையொன்று தொடர்ந்து போகிற இந்த வலைதான் நமக்குச் சின்ன ரோடுகளைக் கொடுத்திருக்கிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை நீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலும், ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி நீரைக் கொண்டுவரும் சுத்துக்கேணி வாய்க்காலும் இந்த வலையின் பெரிய நரம்புகள். வயலில் மனைக் கல் நட ஆரம்பித்ததும் வாய்க்கால் தூர்ந்து, கரையும் கவனிப்பாரில்லாமல் போகும். லாரி ஓடாத பாதைகள் அதோடு சேர்ந்தே போய்விடும். அந்தப் பாதைகளில் நம்மைவிட அதிகம் போகிறவர்கள் யார்? புல்லுக்கட்டு வைத்துக் கேரியர் சைக்கிள் மிதிக்கும் பெரியவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கு அது தினசரி வழி.

ஈசிஆர் பற்றி

வரைபடத்தில் ஈசிஆர் மாதிரி அழகான சைக்கிள் பாதை இல்லை. நேர்கோடு, கடல் பக்கம். ஆனால் சனி, ஞாயிறில் சென்னைக் கார்களும் ராத்திரி முழுக்க ஓட்டிவந்த டிரைவர்களும் அங்கேதான். வாடையில் எதிர்காற்று நம் வேகத்தை 14-க்கு இறக்கும்போது, பக்கத்தில் போகும் காருக்கும் நமக்கும் உள்ள வேக வித்தியாசம் கூடுகிறது. பக்கக்காற்று தள்ளினால் ஒரு அடி வலப்புறம் போய்விடுவோம், அந்த ஒரு அடிதான் ஆபத்து. மரக்காணம் போகிறவர்கள் வார நாளில், விடிந்த பிறகு, பின்விளக்கோடு, ஒருவர் பின்னால் ஒருவராகப் போகவும். பின்னால் வருபவருக்குக் காற்றும் கணிசமாகக் குறையும்.

கிளம்பும் முன்

சீமைக்கருவேல முள்ளுக்கு எந்த டயரும் விதிவிலக்கு இல்லை. உபரி டியூப், பம்ப் அவசியம், கிராமத்துப் பஞ்சர் கடை காலை ஆறு மணிக்குத் திறந்திருக்காது. அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காயும். அதன் மேல் ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், பிரேக்கும் அதில் பிடிக்காது. தண்ணீர் இரண்டு பாட்டில், வியர்வை அதிகம் போகும் நாளில் உப்புப் போட்ட மோர்.

கடைசியாக, வாசலில் நின்று பனை ஓலையோ பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியோ எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பாருங்கள். அது எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சைக்கிளைத் திருப்புங்கள்.