மலைவழி ஆய்தல்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தரை நன்னன் என்னும் வள்ளலிடம் ஆற்றுப்படுத்தும் நூலாகும். அதனைப் பாடிய பெருங்கௌசிகனார் மலையின் வளத்தை மட்டும் கூறி அமைந்தாரல்லர். பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, தினைப்புனங் காப்போரின் கவண்கல், பாசி படர்ந்து வழுக்கும் இடம் என வழியிலுள்ள ஏதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். மலைக்கு விருந்தினரை அழைப்போர் முதற்கண் செய்யத்தக்கது இதுவே.

இந்நாளில் மலையேறுதலை விரும்பி நகரங்களினின்று செல்வோர் பலர். அவர்தம் வரவால் மலையூர் மக்களுக்கு வருவாயும் உண்டாகின்றது. ஆயினும் கண்ணுக்கு இனிய மலை யாவும் காலுக்கு ஏற்றவை என்று கொள்ளலாகாது.

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரை அடுத்துக் குரங்கணி என்னும் சிற்றூர் உள்ளது. அதற்கு மேலே, ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் விளங்குகின்றது. முற்காலத்தில் மூணாற்றுத் தேயிலை, சிறு இருப்புப்பாதையில் டாப் ஸ்டேஷன் என்னும் மேட்டுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு இம்மலையடிவாரத்திற்கு இறங்கியது. அவ்விருப்புப்பாதை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. தேயிலைப் பெட்டி வானில் இறங்கிய அம்மலையில் மனிதர் கால்நடையாகவே இறங்குதல் வேண்டும்.

2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள், இம்மலைச்சரிவில் இருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. தீக்காயமுற்றோரை ஊர் மக்களும் மீட்புப் படையினரும் சுமந்து இறக்கினர். எனினும் 23 பேர் உயிர் நீத்தனர்.

கோடையில் அச்சரிவெங்கும் உயர்ந்து வளர்ந்த புல் உலர்ந்து நிற்கும். சமநிலத்தினும் சரிவில் தீ விரைந்து ஏறும். கீழே எரியும் சுடர் மேலுள்ள புல்லை முன்னரே வெதுப்பிவிடுவதே அதற்குக் காரணம். சரிவு பத்துப் பாகை மிகுந்தால் தீயின் விரைவு ஏறத்தாழ இருமடங்காகும் என்பர். மேல்நோக்கி ஓடும் மனிதனோ விரைவில் இளைத்துப் போவான். ஆதலின் ஒரு மலைவழியை ஆய்வோர் அதன் அழகைக் காணுமுன், புல் எத்திங்களில் உலர்கின்றது, காற்று எப்பக்கமிருந்து வீசுகின்றது, தீ மூண்டால் ஒதுங்கப் பாறைவெளி உண்டா என்பவற்றை அறிதல் வேண்டும். கார்காலத்தில் நிறைந்திருக்கும் சுனை பங்குனியில் வற்றியிருக்கவும் கூடும். ஒருமுறை கண்டு முடிவு செய்தல் போதாது.

நடைக்கு ஆகும் நேரத்தைக் கணிக்க ஸ்காட்லாந்து நாட்டு வில்லியம் நைஸ்மித் என்பவர் 1892ஆம் ஆண்டிலேயே ஒரு விதி வகுத்தார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணியும், ஏறும் 600 மீட்டருக்கு மேலும் ஒரு மணியும் கொள்க என்பது அதன் சாரம். எனவே எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் 1,200 மீட்டர் ஏறும் வழிக்கு மூன்றரை மணிக்கு மேலாகும். இது வலியோர்க்கு வகுத்த கணக்கு. பழக்கமில்லாதோர்க்கு இன்னும் கூடும். கதிரவன் மறையுமுன் ஊர் சேர இயலுமா என்பதை இதுகொண்டு அறியலாம்.

மலையில் வாழும் உயிர்களையும் எண்ண வேண்டும். மூணாற்றை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடுகள் குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் காண்போர்க்கு மூடப்படுதல் வழக்கம்.

இவையெல்லாம் வரைபடத்தில் முற்றும் விளங்கா. யானைத்தடம் எது, எவ்வோடை திடீரெனப் பெருகும் என்பதை அக்காட்டில் பிறந்து வளர்ந்தோரே அறிவர். 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு வனத்துறை நாற்பது மலைவழிகளை எளியன, இடைப்பட்டன, கடியன என வகுத்துத் திறந்தபோது, பயிற்சி பெற்ற மலைவாழ் மக்களையே வழிகாட்டிகளாக அமர்த்தியது. மறு ஆண்டுக் கோடையில் காட்டுத்தீ அச்சத்தால் அவ்வழிகள் சிலகாலம் மூடப்பட்டன.