வலிக்காத புண்

வாயில் புண் வந்தால் நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் காரணங்கள் சில உண்டு: உடல் சூடு, வைட்டமின் குறைவு, பல் உரசல். பெரும்பாலும் அவற்றுள் ஒன்றே உண்மையாகவும் இருக்கும். அத்தகைய புண் எரியும், வலிக்கும், பத்து நாட்களில் ஆறிவிடும். கவலைக்குரியது தொடக்கத்தில் வலிக்காத புண்ணே. கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ வழித்தெடுக்க இயலாத வெண்திட்டாக, சில வேளை செந்திட்டாக அது தங்கியிருக்கும். உண்பதற்கு இடையூறு இல்லாததால் மருத்துவரை நாடவும் தோன்றுவதில்லை. நம் நாட்டில் வாய்ப் புற்றுநோயாளிகளுள் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை அடைவதற்கு இந்த வலியின்மையும் ஒரு காரணம்.

இத்தனைக்கும், வாய் நம் கண்ணுக்கு எளிதில் எட்டும் உறுப்பு. அதைப் பரிசோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு இதை மெய்ப்பித்தது. 35 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 1,90,000 பேர் அதில் இடம்பெற்றனர். அவர்களுள் ஒரு பிரிவினரின் வாயைப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பார்த்தனர். அப்பணியாளர்கள் மருத்துவர்கள் அல்லர், பட்டதாரிகள். 2005இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதோரிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. ஆகவே இப்பரிசோதனை யாருக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை.

பாக்கு மட்டுமே மெல்லுவோர் தம்மை இப்பட்டியலிலிருந்து விலக்கிக்கொள்வதுண்டு. அது சரியன்று. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் அறிவித்தது. திருமண விருந்தில் என்றோ ஒருநாள் தரிக்கும் தாம்பூலத்தை இங்கே குறை கூறவில்லை. நாள்தோறும் மெல்லப்படும் பாக்கே கவலை அளிக்கிறது. காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பது சிறிது சிறிதாகக் குறைதல் ஆகியவை அதன் முன்னறிகுறிகள்.

முப்பது வயதைக் கடந்தோருக்கு அரசின் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்களில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுடன் வாய்ப் பரிசோதனையும் செய்யப்படுகிறது. தனியார் பல் மருத்துவரிடம் செல்வோர், “வாய் முழுவதையும் பாருங்கள்” என்று கேட்கத் தயங்க வேண்டாம். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர்கள், நோய்த்தடுப்புப் பரிசோதனைச் செலவில் ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை, மருத்துவக் காப்பீட்டுக்குரிய வரம்புக்குள், வரிக்கழிவு பெறலாம். இச்செலவை ரொக்கமாகச் செலுத்தியிருந்தாலும் கழிவு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை.

ஐயத்துக்குரிய திட்டு தென்பட்டால் மருத்துவர் சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று அஞ்சி இந்நிலையில் பின்வாங்கும் குடும்பங்கள் உண்டு. அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. அதனால் இழக்கும் மாதங்களே நோய்க்கு இடம் தருகின்றன.

வீட்டிலும் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று பார்க்கலாம். உதடுகளின் உட்புறம், இரு கன்னங்கள், ஈறு, அண்ணம், நாக்கின் இரு ஓரங்கள், பின் நாக்கைத் தூக்கி அதன் அடிப்பகுதி என ஒவ்வொன்றாகப் பார்த்து வர வேண்டும். பல்செட் அணியும் பெரியவர்கள் அதைக் கழற்றிவிட்டே பார்க்க வேண்டும். இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், வலி இல்லாவிட்டாலும், மருத்துவரின் பார்வைக்குச் செல்ல வேண்டியதே.