அடுக்கு வில்லுக்கு நடு மரம்: கல் மூங்கிலா, தேக்கா?

'வரப்போரம் 4 தூர் கல் மூங்கில் நிற்கிறது. வில்வித்தை பழகும் பிள்ளைகளுக்கு அடுக்கு வில் செய்பவர் நடு அடுக்குக்கு மரம் கேட்கிறார். மூங்கில் கொடுக்கலாமா, தேக்குதான் வேண்டுமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மரம் வளர்க்கும் பலருக்கும் பயன்படும் கேள்வி இது.

நடு மரத்தின் வேலை

வில்லை வளைக்கும்போது எய்பவருக்கு எதிர்ப்புறம் இழுபடும். அவரைப் பார்த்த புறம் அமுங்கும். நடுவில் இரண்டும் குறைவு. ஒரே மரத்தாலான பட்டையை மூன்று சம அடுக்காகப் பிரித்தால், மொத்த விறைப்பில் நடு அடுக்கின் பங்கு 27-ல் 1 தான். அதனால் அங்கே விலை உயர்ந்த வைர மரம் தேவையில்லை. ஆனால், அடுக்குகளை வழுக்கிப் பிரிக்கப் பார்க்கும் விசை நடுவில்தான் அதிகம். எனவே எடை குறைவு, நேரான இழை, நல்ல பசைப்பிடிப்பு ஆகிய மூன்றும் அவசியம். இழை சாய்ந்திருந்தாலோ கணு, வெடிப்பு இருந்தாலோ, இழுத்த நிலையில் வில் முறிந்து பிள்ளையின் முகத்தில் அடிக்கும்.

எதைத் தேர்வு செய்யலாம்?

மூங்கில் தாராளமாகப் பயன்படும். ஜப்பானிய 'யூமி' வில்லின் நடுவில் மூங்கில் கீற்றுகள் உண்டு. கொரியாவின் கொம்பு வில்லிலும் நடுப்பகுதி மூங்கில்தான். அதன் நுனிகளுக்கு மல்பெரி மரம் சேர்ப்பார்கள். துருக்கி வில்லாளர்கள் மேப்பிள் மரத்தை வைத்தார்கள்.

தேக்கில் எண்ணெய்த்தன்மை இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது. இழைத்த உடனே ஒட்டினால்தான் ஓரளவு நிற்கும். கையில் நல்ல மூங்கில் இருக்கும்போது தேக்கைத் தேட வேண்டாம்.

வெட்டும் பக்குவம்

ஓராண்டுக் கழி காயும்போது சுருங்கும். 3 முதல் 4 வயதுக் கழியையே வெட்டுங்கள். வயது குழம்பாமலிருக்க, முளைத்த ஆண்டைக் கழியிலேயே பெயின்ட்டால் எழுதி வையுங்கள். குருத்து விடும் மழைக்காலத்தில் வெட்டாமல், மழை ஓய்ந்த பிறகு வெட்டுங்கள். மாவுச்சத்து குறைந்திருந்தால் பொடிவண்டுத் தாக்குதலும் குறையும்.

கழியைப் பிளந்து, உட்புறத்து மென்மையான பகுதியைச் சீவி எறியுங்கள். வெளிப்புறத்தை ஒட்டியுள்ள நார் நெருக்கமான பகுதியே வில்லுக்கு ஆகும். ஒட்டும்போது பக்கத்துக் கீற்றுகளின் கணுக்கள் ஒரே இடத்தில் சேரக் கூடாது.

மூன்று சோதனைகள்

இழை: மரமாக இருந்தால், ஒரு துண்டை அறுக்காமல் கோடாரியால் பிளந்து பாருங்கள். பிளவு திருகிப் போனால் அந்த மரம் வேண்டாம்.

ஈரம்: சிறு துண்டை எடைபோட்டு, எடை குறையாத நிலை வரும்வரை அடுப்பில் கருகாமல் உலர்த்துங்கள். 110 கிராம் துண்டு 100 கிராமாக நின்றால் ஈரப்பதம் 10 சதவிகிதம். 8 முதல் 12 சதவிகிதத்துக்குள் இருந்தால் ஒட்டலாம். நிழலில் உலர்த்துவதே நல்லது. வெயிலில் போட்டால் வெடிக்கும்.

பசை: இரண்டு துண்டுகளை ஒட்டி, நன்கு காய்ந்தபின் உளியால் பிரியுங்கள். மரம் பிய்ந்தால் பசை பிடித்திருக்கிறது. ஒட்டிய இடத்திலேயே சுத்தமாகப் பிரிந்தால் அந்த இணைப்பை நம்பாதீர்கள்.

முழுத் தூரையும் ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். முதலில் 2 கழிகளை மட்டும் உலர்த்தி, வில் செய்பவரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் கையில் போகும் பொருள் என்பதால், சந்தேகமான கீற்றைப் பந்தலுக்கு ஒதுக்குங்கள், வில்லுக்குக் கொடுக்காதீர்கள்.